ஏஆர்-18: மலிவாகச் செய்ய நினைத்த போர்த்துப்பாக்கி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயந்திரவியல் மாணவர்களிடம் உற்பத்தி முறைகளைப் பற்றிப் பேசும்போது ஏஆர்-18 என்ற அமெரிக்கத் துப்பாக்கியை உதாரணமாக எடுத்துக்கொள்வது என் வழக்கம். குறைந்த செலவில், எளிய எந்திரங்களைக் கொண்டு செய்ய வேண்டும் என்ற நோக்கம் ஒரு பொருளின் ஒவ்வொரு பாகத்தையும் எப்படி வளைத்து வடிவமைக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் பொருள்கள் அதிகமில்லை. பேச்சு முடிந்ததும் எழும் கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை என்பதைச் சில ஆண்டுகளிலேயே கண்டுகொண்டேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். இது வரலாறும் வடிவமைப்பும் பற்றிய பக்கம். செய்முறை எதுவும் இதில் இராது.

ஏஆர்-18ன்னா என்ன சார்? எம்-16க்கே இன்னொரு பேரா?

இல்லை. இரண்டும் ஆர்மலைட் என்ற ஒரே நிறுவனத்தின் வரைபலகையிலிருந்து வந்தவை, இரண்டும் 5.56 மி.மீ. தோட்டாவைச் சுடுபவை என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. ஆர்மலைட்டின் ஏஆர்-15 தான் அமெரிக்க ராணுவத்திற்குப் போனபின் எம்-16 என்று பெயர் பெற்றது. ஏஆர்-18 அதற்குப் பிறகு, 1963-ஐ ஒட்டி உருவானது.

எம்-16இன் உடல் அலுமினியக் கட்டியை அடித்து உருவாக்கிக் கடைந்து எடுத்தது. ஏஆர்-18இன் உடல் எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி, மடித்து, பற்றவைத்தது. சுடும்போது எழும் வாயுவைக் கொண்டு அடுத்த தோட்டாவை ஏற்றும் முறையும் இரண்டிலும் வேறு. ஏஆர்-18இன் எடை சுமார் 3 கிலோ. ஒவ்வொன்றாகவும் தொடர்ச்சியாகவும் சுடலாம். தோள்கட்டை பக்கவாட்டில் மடங்கும்.

'ஏஆர்' என்றால் அசால்ட் ரைபிள் என்பதன் சுருக்கம்தானே?

பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது ஆர்மலைட் என்ற பெயரின் சுருக்கம். ஃபேர்சைல்ட் என்ற விமான நிறுவனத்தின் ஒரு பிரிவாக 1954-இல் கலிஃபோர்னியாவின் ஹாலிவுட்டில் ஆர்மலைட் தொடங்கப்பட்டது. விமானத் தொழிலில் புழங்கிய அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் துப்பாக்கிக்குக் கொண்டுவருவதுதான் அதன் தொடக்க எண்ணம். எடை குறைந்த ஆயுதம் என்பது பெயரிலேயே ஒலிக்கிறது.

கையில் ஏஆர்-15 இருக்கும்போது அதே கம்பெனி எதற்கு இன்னொரு துப்பாக்கி செய்தது?

ஏஆர்-15 அவர்கள் கையில் இல்லை என்பதே பதில். ஏஆர்-10, ஏஆர்-15 இரண்டின் உரிமைகளையும் 1959-இல் கோல்ட் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்திற்கு ஆர்மலைட் விற்றுவிட்டது. அப்போது அந்தத் துப்பாக்கியை வாங்க யாரும் வரிசையில் நிற்கவில்லை, பணமுடையில் விற்றார்கள். நான்கே ஆண்டுகளில், 1963-இல், அமெரிக்கத் தரைப்படைக்கு 85,000, விமானப்படைக்கு 19,000 என்று அரசு கோல்ட் நிறுவனத்திடம் வாங்கியது. கன்றுக்குட்டியை விற்றவர் அது அடுத்த வீட்டில் படி படியாகப் பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற கதை.

விற்றதோடு முடியவில்லை. ஏஆர்-15இன் உயிர்நாடியான வாயு இயக்க முறையும் காப்புரிமையாகக் கோல்ட்டிடம் போய்விட்டது. ஆகவே ஆர்மலைட் மீண்டும் சந்தைக்கு வர வேண்டுமானால் வேறொரு இயக்க முறை தேவைப்பட்டது. கோல்ட்டின் விற்பனை எட்டாத வாடிக்கையாளரும் தேவைப்பட்டார். அலுமினியத்தை அடித்து உருவாக்கும் பெரும் ஆலைகளும், நுட்பமாகக் கடையும் எந்திர வரிசைகளும் இல்லாத, ஆனால் சொந்தமாகத் துப்பாக்கி செய்துகொள்ள விரும்பும் நாடுகள்தாம் அந்த வாடிக்கையாளர் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். சாதாரண பிரஸ், லேத், வெல்டிங் இருக்கும் நாட்டில் உரிமம் பெற்றுச் செய்யக்கூடிய துப்பாக்கி என்பதே ஏஆர்-18இன் கருத்து.

இதையும் வடிவமைத்தவர் யூஜின் ஸ்டோனர்தானா?

பாதி ஆம். ஏஆர்-10, ஏஆர்-15 ஆகியவற்றின் பின்னிருந்த ஸ்டோனர், அவை விற்கப்பட்டபின் தகட்டு உடலும் பிஸ்டனும் கொண்ட ஏஆர்-16 என்ற துப்பாக்கியை வரைந்தார். அது 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கானது. ஆனால் காலம் சிறிய தோட்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்ததால் ஏஆர்-16 மாதிரிகளோடு நின்றுபோனது. ஸ்டோனரும் 1961-இல் நிறுவனத்தை விட்டு விலகினார்.

அந்த ஏஆர்-16ஐ 5.56 மி.மீ. அளவுக்குச் சுருக்கி, மாற்றி, உற்பத்திக்கேற்ற துப்பாக்கியாக்கியவர் ஆர்தர் மில்லர். ஸ்டோனரின் பெயர் எம்-16ஆல் உலகப் புகழ் பெற்றுவிட்டதால் மில்லரின் பெயர் நிழலில் போய்விட்டது. என் கணிப்பில், பின்வந்தவர்கள் ஏஆர்-18இலிருந்து எடுத்துக்கொண்டவற்றில் பெரும்பகுதி மில்லர் முடித்துக்கொடுத்த வடிவமே. ஆகையால் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

தகரத்தில் செய்த துப்பாக்கி என்கிறார்களே, சுடும்போது வெடித்துவிடாதா?

தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவது எந்தப் பாகம் என்று பார்த்தால் இந்த அச்சம் போய்விடும். தோட்டாவின் பின்புறத்தை மூடும் போல்ட்டின் தலையைச் சுற்றிப் பூட்டுப் பற்கள் இருக்கின்றன. போல்ட் முன்னே சென்று சற்றே சுழன்றதும் இந்தப் பற்கள் குழலின் பின்முனையில் பொருத்தப்பட்ட எஃகு வளையத்திற்குள் மாட்டிக்கொள்கின்றன. அழுத்தம் முழுவதும் போல்ட்டுக்கும் அந்த வளையத்திற்கும் இடையே அடங்கிவிடுகிறது. வெளியே இருக்கும் தகட்டு உடலை அது நேரடியாக எட்டுவதே இல்லை.

குக்கரின் அழுத்தத்தைப் பாத்திரமும் மூடியும் தாங்கிக்கொள்ள, கீழே இருக்கும் அடுப்புச் சட்டம் பாத்திரத்தை நிறுத்தி வைக்கும் வேலையை மட்டும் பார்க்கிறது அல்லவா, அதைப் போன்றது இது. தகட்டு உடல் பாகங்களைத் தத்தம் இடத்தில் பிடித்துவைக்கிறது. அதற்குத் தகடு போதும்.

சரி, தகடு என்பதால் மட்டும் எப்படி விலை குறையும்? எஃகு என்ன அலுமினியத்தைவிட அவ்வளவு மலிவா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. மூலப்பொருளின் விலை இங்கே சிறு பங்குதான். பேச்சைத் தொடங்குமுன் மேசைமேல் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்துவிடுவேன். இதே டம்ளரை ஓர் எஃகுக் கட்டியிலிருந்து லேத்தில் குடைந்து எடுத்தால் எவ்வளவு நேரமாகும் என்று கேட்பேன். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று மாணவர்கள் சொல்வார்கள். கட்டியின் பெரும்பகுதி சுருள் சுருளாகத் தரையில் கிடக்கும் என்று யாராவது ஒருவர் சேர்த்துச் சொல்வார். எவர்சில்வர் பட்டறையிலோ வட்டமாக வெட்டிய தகடு அச்சுக்குள் நாலைந்து முறை இறங்கி எழுவதற்குள் டம்ளர் வந்துவிடுகிறது. துப்பாக்கியின் உடலுக்கும் இதே கணக்குதான்: கடைவதில் நேரமும் திறமையான ஆளும் நல்ல எந்திரமும் செலவாகின்றன, அழுத்துவதில் இவை மிச்சமாகின்றன.

ஆனால் பட்டறைக்காரரிடம் ஒரே ஒரு டம்ளர் செய்து தரச் சொன்னால் சிரிப்பார். அச்சின் விலை டம்ளரின் விலையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. அந்தச் செலவு ஆயிரக்கணக்கான டம்ளர்களின் மேல் பரவும்போதுதான் ஒவ்வொன்றும் மலிவாகிறது. தகட்டு உடல் மலிவு என்று சொல்லும்போதெல்லாம், எத்தனை செய்தால் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஏஆர்-18இன் கதை முழுவதும் இந்த இடத்தில்தான் இடறி விழுந்தது. கீழே மீண்டும் வருகிறேன்.

தகட்டில் துப்பாக்கி செய்வதை ஆர்மலைட் தான் கண்டுபிடித்ததா?

இல்லவே இல்லை. 1941-இல் பிரிட்டனில் ஷெப்பர்டும் டர்ப்பினும் வடிவமைத்த ஸ்டென் சிறு எந்திரத்துப்பாக்கி, குழாயும் தகடும் வெல்டிங்கும் கொண்டு சிறு பட்டறைகளிலேயே செய்யப்பட்டது. போர்க்காலத்தில் அது இலட்சக்கணக்கில் வெளிவந்தது. ஜெர்மனியின் எஸ்டிஜி-44 போர்த்துப்பாக்கியும் தகட்டு உடல் கொண்டதே.

அப்படியானால் இது அமெரிக்காவின் ஏகே-47 என்று சொல்லலாமா?

நோக்கத்தில் ஒற்றுமை உண்டு, உடற்கூறில் குறைவு. ஏகே-47ஐயும் முதலில் தகட்டில்தான் செய்யத் தொடங்கினார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அழுத்திய உடல்களில் கழிவு மிக அதிகமாக இருந்ததால், 1950களின் தொடக்கத்தில் கட்டி எஃகைக் கடையும் பழைய முறைக்குத் திரும்பினார்கள். தகட்டுத் தொழில்நுட்பம் கைவந்தபின் 1959-இல் ஏகேஎம் என்ற திருத்திய வடிவம் வெளிவந்தது. இன்று உலகெங்கும் ஏகே-47 என்று அழைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அந்த ஏகேஎம் வழியில் வந்தவையே. தகடு எளிது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது: சோவியத் ஒன்றியம் போன்ற நாட்டுக்கே அதைக் கைவரப்படுத்தப் பத்தாண்டுகள் ஆயின.

உள்ளே இரண்டும் வேறு. ஏகேயில் நீண்ட பிஸ்டன், போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியர் என்ற பாகத்தோடு ஒன்றாக இணைந்து முழுத் தொலைவும் முன்பின் ஓடுகிறது. ஏஆர்-18இல் பிஸ்டன் தனி. ஒரு குட்டு வைத்துவிட்டு நின்றுவிடும்.

அந்தக் 'குட்டு' விஷயத்தைக் கொஞ்சம் விளக்க முடியுமா? உள்ளே என்னதான் நடக்கிறது?

குண்டு குழலில் ஓடும்போது, பின்னால் தள்ளும் வாயுவில் சிறிதளவு குழலின் மேலுள்ள ஒரு துளை வழியே வெளியேறுகிறது. எம்-16இல் அந்த வாயு ஒரு மெல்லிய குழாய் வழியே பின்னோக்கி வந்து போல்ட் கேரியருக்குள்ளேயே புகுந்து அதைத் தள்ளுகிறது. பாகங்கள் குறைவு, எடை குறைவு. ஆனால் வாயுவோடு வரும் சூடும் கரியும் நேரே துப்பாக்கியின் வயிற்றுக்குள் சேர்கின்றன. ஏஆர்-18இல் வாயு குழலின் மேலேயே, முன்புறத்திலேயே நின்றுவிடுகிறது. அங்கே ஒரு சிறு பிஸ்டனை உதைக்கிறது; பிஸ்டன் ஒரு தண்டின் வழியே போல்ட் கேரியரின் நெற்றியில் குட்டுகிறது; கேரியர் அந்த வேகத்திலேயே பின்னோக்கி ஓடுகிறது; பிஸ்டனைத் தன் சுருள்வில் முன்னுக்கு இழுத்துக்கொள்கிறது. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் நின்றுவிட, காய் மட்டும் ஓடுவதைப் போல.

இன்னொரு நுட்பம் இதைவிட அழகானது. கேரியர் தகட்டு உடலின் சுவரை உரசிக்கொண்டு ஓடவில்லை. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் கேரியருக்குள் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மீள்சுருள்வில். தண்டவாளத்தில் வண்டி ஓடுவதைப்போல அந்தக் கம்பிகளின் மேல்தான் கேரியர் ஓடுகிறது. ஆகவே தகட்டு உடலின் உட்புறம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. துல்லியம் வேண்டிய இடங்களையெல்லாம் போல்ட், குழல், கம்பிகள் போன்ற சில பாகங்களில் குவித்துவிட்டு, மற்ற இடங்களில் தகட்டின் சிறு பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும்படி இடைவெளி விட்டிருக்கிறார்கள். மலிவாகச் செய்வதென்றால் எல்லாவற்றிலும் தரத்தைக் குறைப்பது என்று நினைக்கும் மாணவருக்கு, இந்த இரண்டு கம்பிகளைக் காட்டினால் போதும்.

கட்டை மடங்குவதை ஏன் பெரிதாகச் சொல்கிறார்கள்? யார் வேண்டுமானாலும் ஒரு கீலை வைத்துவிடலாமே?

எம்-16இல் வைக்க முடியாது. அதன் மீள்சுருள்வில் தோள்கட்டைக்குள் இருக்கும் குழாயில் இருக்கிறது. கட்டையை மடக்கினால் கேரியர் பின்னோக்கி ஓட இடமில்லை. ஏஆர்-18இன் வில்கள் முன்பதிலில் சொன்ன கம்பிகளின்மேல், உடலுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கட்டைக்கு எந்திர வேலை எதுவும் இல்லை. மடக்கினால் நீளம் முக்கால் மீட்டர் அளவுக்குக் குறையும். அந்த நிலையிலும் சுடலாம். கவச வண்டிக்குள்ளும் ஹெலிகாப்டருக்குள்ளும் ஏறி இறங்கும் வீரர்களுக்கு அது சிறிய வசதி அன்று. கீலில் ஆட்டம் இருந்தது என்ற குறை பரவலாகச் சொல்லப்படுவது உண்மைதான்.

சோதனைகளில் தோற்றுப்போனதால்தானே இதைக் கைவிட்டார்கள்?

அமெரிக்கத் தரைப்படை 1964-இல் மேரிலாந்தின் அபர்டீன் சோதனைக்களத்தில் இதைச் சோதித்தது. அதன்பின் நடந்த சிறு ஆயுத ஒப்பீட்டு ஆய்விலும் இது இடம்பெற்றது. பிரிட்டன் 1966-இல் சோதித்தபோது, சேற்றிலும் மணலிலும் அதன் செயல்பாடு நிறைவாக இல்லை என்று முடிவு செய்தது. இவை மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல.

ஆனால் சோதனையில் தடுமாறிய துப்பாக்கிகள் எல்லாம் கைவிடப்படுவதில்லை. வியட்நாமில் எம்-16 தொடக்க ஆண்டுகளில் சிக்கிக்கொண்டு நின்றது அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது. வெடிமருந்து மாற்றம், குரோமியப் பூச்சு, துடைக்கும் கருவிகள் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து காப்பாற்றினார்கள். காப்பாற்ற வேண்டிய அளவுக்கு அரசு அதில் பணத்தைப் போட்டிருந்தது. ஏஆர்-18இன் குறைகளைச் செலவழித்துத் திருத்தும் அளவுக்கு அதில் யாருடைய பணமும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை.

இவ்வளவு மலிவு, இவ்வளவு எளிது என்றால் ஏழை நாடுகளாவது வாங்கியிருக்க வேண்டுமே?

வாங்கியிருக்க வேண்டும் என்றுதான் ஆர்மலைட்டும் நினைத்தது. அவர்கள் தவறவிட்ட கணக்கு என்னவென்றால், அந்த நாடுகளுக்குத் துப்பாக்கி மலிவாகத் தேவைப்படவில்லை, இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அமெரிக்காவின் பக்கம் நின்றவர்களுக்கு எம்-16 ராணுவ உதவியாக வந்தது, சோவியத் பக்கம் நின்றவர்களுக்கு ஏகே வந்தது. சொந்தமாகத் தயாரிக்க விரும்பிய நாடுகளோ ஏஆர்-18ஐத் தேடிவராமல் கோல்ட் நிறுவனத்திடமே உரிமம் பெற்றன. தென்கொரியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர் ஆகிய மூன்றும் எம்-16ஐயே தம் மண்ணில் தயாரித்தன. அலுமினிய உடலைச் செய்ய இந்நாடுகளால் முடியாது என்ற அடிப்படை ஊகமே தவறாகிப்போனது.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கத் தரைப்படையே பயன்படுத்தும் துப்பாக்கி என்ற முத்திரை எம்-16க்கு இருந்தது. தன் நாட்டு ராணுவமே வாங்காத துப்பாக்கியை வெளிநாட்டுத் தளபதியிடம் விற்பது எவ்வளவு கடினம் என்பதை விற்பனைத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையில் ஒரு ஏஆர்-18இன் விலை எத்தனை டாலர்? எம்-16ஐவிட எவ்வளவு குறைவு?

ஒரு தொகையைச் சொன்னால் கேட்டவர் நிறைவடைவார், ஆனால் ஏமாறுவார். டம்ளர் கணக்கை நினைத்துப் பாருங்கள். எம்-16 இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. ஏஆர்-18உம் அதன் குடிமக்கள் வடிவமும் எல்லா ஆலைகளிலும் சேர்த்துச் சில பத்தாயிரம் என்ற அளவிலேயே நின்றுவிட்டன. அச்சுகளின் செலவு அவ்வளவு குறைந்த எண்ணிக்கையின்மேல் விழும்போது, வரைபடத்தில் மலிவாக இருந்தது ஆலையில் மலிவாக இருக்க வாய்ப்பில்லை. ஆகவே ஏஆர்-18ஐ மலிவான துப்பாக்கி என்று சொல்வதைவிட, பெருமளவில் செய்திருந்தால் மலிவாகியிருக்கக்கூடிய துப்பாக்கி என்று சொல்வதே சரி.

ஜப்பானில்கூடச் செய்தார்களாமே, நிஜமா?

நிஜம். ஆர்மலைட்டுக்குப் பெரிய ஆலை கிடையாது. கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் சிறு அளவில் செய்தார்கள். பெருமளவு உற்பத்திக்கு ஜப்பானின் ஹோவா நிறுவனத்திற்கு உரிமம் கொடுத்தார்கள். ஹோவா 1907-இல் சகிச்சி டொயோடாவின் விசைத்தறிகளைச் செய்யத் தொடங்கப்பட்ட நிறுவனம். தறி செய்த கைகள் துப்பாக்கி செய்ய வந்தன. ஆனால் ஜப்பானிய அரசின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் 1967 முதல் இறுகிக்கொண்டே போனதால் 1970களின் நடுவில் அங்கே உற்பத்தி நின்றது.

அதன்பின் உரிமம் இங்கிலாந்தில் டாகன்ஹாமில் இருந்த ஸ்டெர்லிங் நிறுவனத்திடம் போனது. ஸ்டெர்லிங் என்ற பெயர் நமக்குப் புதிதன்று: நம்மூர்க் காவலர்கள் பல ஆண்டுகள் தோளில் மாட்டியிருந்த 9 மி.மீ. கார்பைன், அதே நிறுவனத்தின் வடிவமைப்பில் கான்பூரில் செய்யப்பட்டது. ஸ்டெர்லிங்கிலும் ஏஆர்-18 பெரிதாக விற்கவில்லை. ஆனால் ஆங்கிலப் பொறியாளர்களின் கைக்கு அருகில் அது வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்; அதன் விளைவு பின்னால் வருகிறது.

ஏஆர்-180 என்பது வேறா?

அதே துப்பாக்கி, தொடர்ச்சியாகச் சுடும் வசதி நீக்கப்பட்டு அமெரிக்கப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. எண்ணிக்கையில் ராணுவ வடிவத்தைவிட இதுவே அதிகம்.

வட அயர்லாந்தில் ஐஆர்ஏ பயன்படுத்தியது இதுதானே?

ஆம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய அமைப்பு ஐஆர்ஏ. அதற்காக 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து கள்ளத்தனமாகக் கடத்தப்பட்ட ஆயுதங்களில் ஏஆர்-18, ஏஆர்-180 ஆகியவை இருந்தன. மடித்தால் கோட்டுக்குள் மறைக்க முடிந்தது என்பது அங்கே அதன் கொடிய பயனாயிற்று. ஆர்மலைட் என்ற நிறுவனப் பெயரே அந்த மண்ணில் துப்பாக்கிக்குப் பொதுப்பெயராகிவிட்டது. 1981 முதல் ஒரு கையில் வாக்குச்சீட்டு, மறுகையில் ஆர்மலைட் என்பது ஐஆர்ஏயோடு தொடர்புடைய சின் ஃபெயின் கட்சியின் அரசியல் வழியைக் குறிக்கும் தொடராகவும் ஆயிற்று. எந்த நாட்டு ராணுவமும் தன் முதன்மைத் துப்பாக்கியாக ஏற்காத ஒன்று, ஒரு சட்டவிரோத அமைப்பின் கையில் பெயர் பெற்றது. அதனால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன என்பதால், இந்தப் பகுதியை வீரக்கதையாகக் கேட்பவர்களிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை.

நான் சிங்கப்பூரில் தேசிய சேவை செய்தவன். எங்கள் எஸ்ஏஆர்-21 இதன் வாரிசு என்று ஒரு சார்ஜென்ட் சொன்னார். உண்மையா?

அவர் இடையில் ஒரு தலைமுறையை விட்டுவிட்டார். 1967-இல் தொடங்கப்பட்ட சார்ட்டர்டு இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் முதலில் கோல்ட் உரிமத்தில் எம்-16ஐச் செய்தது. அந்த உரிமத்தின்கீழ் வெளிநாடுகளுக்கு விற்க அமெரிக்க ஒப்புதல் தேவைப்பட்டது. சிறிய நாட்டின் ஆலைக்கு உள்நாட்டுத் தேவை மட்டும் போதாது. ஆகவே, தானே விற்கக்கூடிய ஒரு துப்பாக்கி வேண்டும் என்று ஸ்டெர்லிங் நிறுவனத்தை நாடினார்கள். அங்கே ஃபிராங்க் வாட்டர்ஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பிலிருந்து எஸ்ஏஆர்-80 பிறந்தது. தகட்டு உடல், தனிப் பிஸ்டன், கேரியருக்குள் ஓடும் கம்பிகள் என்று ஏஆர்-18இன் சாயல் அதில் முகத்திலேயே எழுதியிருக்கும்.

எஸ்ஏஆர்-80 சிங்கப்பூர்ப் படையில் எம்-16இன் இடத்தைப் பிடிக்கவில்லை. அதன்பின் எஸ்ஆர்-88 வந்தது. 1999-இல் வெளிவந்த எஸ்ஏஆர்-21 தான் தேசிய சேவையாளர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் உடல் பிளாஸ்டிக், தோட்டாக்களை அடுக்கும் மேகசின் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் புல்பப் அமைப்பு. அதை ஏஆர்-18இன் நேர் வாரிசு என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கி வடிவமைக்க அந்த ஆலை கற்றுக்கொண்ட முதல் பள்ளிக்கூடம் ஏஆர்-18 என்று சொல்வேன்.

பிரிட்டனின் எஸ்ஏ-80க்கு வந்த அத்தனை கோளாறுக்கும் ஏஆர்-18ஐக் காப்பியடித்ததுதான் காரணம் என்கிறார்களே?

இது சற்று நுணுக்கமான கேள்வி. பிரிட்டனின் என்ஃபீல்டு அரசு ஆலை 1970களில் எஸ்ஏ-80 என்ற புதிய புல்பப் துப்பாக்கியை வடிவமைத்தபோது, ஏஆர்-18இன் போல்ட், கேரியர், கம்பிகள், பிஸ்டன் ஆகியவற்றின் அமைப்பைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1966-இல் சேற்றிலும் மணலிலும் நிறைவில்லை என்று ஒதுக்கிய அதே நாடு என்பதை நினைத்தால் புன்னகைக்கத் தோன்றும். அந்தத் துப்பாக்கி 1985-இல் எல்-85 என்ற பெயரில் படையில் சேர்ந்தது. 1991 வளைகுடாப் போரில் மணலில் மக்கர் செய்தது.

ஆனால் குறைகளின் பட்டியலைப் பார்த்தால், மேகசின், உடைந்த பிளாஸ்டிக் பாகங்கள், தகட்டு வேலையின் தரம், உதிரிப் பாகங்களின் பொருள் என்று போகிறது. 2000-இல் ஹெக்லர் அண்டு காக் என்ற ஜெர்மன் துப்பாக்கி நிறுவனம் சுமார் 2,00,000 துப்பாக்கிகளைத் திருத்தும் வேலையை ஏற்றபோது பல பாகங்களை மாற்றியது. ஆனால் ஏஆர்-18இலிருந்து வந்த அடிப்படை இயக்க முறையைத் தூக்கி எறியவில்லை. அதன்பின் எல்-85ஏ2 என்ற திருத்திய வடிவம் நம்பகமான துப்பாக்கி என்று பெயர் எடுத்தது. ஆகவே குற்றம் வரைபடத்தைவிட, அதைச் செய்த விதத்திலேயே அதிகம் என்பது என் முடிவு. தகட்டு வேலை எளிது என்ற நம்பிக்கை சோவியத் ஆலைகளை ஏமாற்றியதைப் போல என்ஃபீல்டையும் ஏமாற்றியது.

நம்ம இன்சாஸும் இதிலிருந்து வந்ததுதானா?

இல்லை. இந்திய ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட இன்சாஸ் துப்பாக்கி புனேயில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் நீண்ட பிஸ்டனும் சுழலும் போல்ட்டும் ஏகே வழி, வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு நம் ராணுவத்தின் பழைய 7.62 மி.மீ. துப்பாக்கியான எஸ்எல்ஆர் வழி. 5.56 மி.மீ. தோட்டாவும் தகட்டு உடலும் இருப்பதாலேயே இரண்டையும் உறவாக்கிவிட முடியாது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையில் உறவினர் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை; அங்கே செய்யப்படும் திருச்சி அசால்ட் ரைபிளும் ஏகேஎம் வழியில் வந்ததே.

ஜெர்மனியின் ஜி-36, பெல்ஜியத்தின் ஸ்கார் எல்லாமே ஏஆர்-18 தான் என்று சொல்கிறார்கள். அப்படியானால் அவை ஏன் தகட்டு உடலை விட்டுவிட்டன?

முதல் பகுதியைக் கொஞ்சம் தணித்துச் சொல்ல வேண்டும். தனிப் பிஸ்டனின் குட்டும் பற்கள் கொண்ட சுழலும் போல்ட்டும் சேர்ந்த அமைப்பு இன்றைய துப்பாக்கிகள் பலவற்றில் இருக்கிறது. 1990களில் வந்த ஜி-36, பின்வந்த ஸ்கார், 1989-இல் ஹோவா தன் நாட்டுப் படைக்குச் செய்த டைப்-89 ஆகியவற்றில் ஏஆர்-18இன் செல்வாக்கு வெவ்வேறு அளவில் தெரிகிறது. குட்டையான பிஸ்டன் ஏஆர்-18க்கு முன்பே உண்டு என்பதால், பிஸ்டனைக் கண்டவுடன் பரம்பரை எழுதிவிடக் கூடாது. போல்ட், கேரியர், பிஸ்டன் மூன்றும் சேர்ந்து அதே ஒழுங்கில் இருந்தால் மட்டுமே உறவு கொண்டாடலாம்.

தகடு விடுபட்டதற்குக் காரணம் மீண்டும் உற்பத்திச் செலவுதான். ஜி-36 காலத்தில் அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஸ்காரின் மேலுடல் அலுமினியத்தை அச்சு வழியே பிதுக்கி நீளமாக எடுத்து வெட்டுவது. இரண்டிலும் தகட்டை மடித்துப் பற்றவைக்கும் வேலையும் வெப்பத்தால் வரும் கோணலும் இல்லை. ஆர்மலைட் என்ற பெயரை வாங்கிய புதிய நிறுவனம் 2001-இல் ஏஆர்-180பி என்று இதே துப்பாக்கியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, மேலுடலை மட்டும் தகட்டில் வைத்துக்கொண்டு கீழுடலைப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. விசைப் பாகங்களும் மேகசினும் ஏஆர்-15இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டன. நாற்பது ஆண்டுகள் பெருமளவில் செய்யப்பட்டதில், சந்தையில் கிடைத்தவற்றிலேயே மலிவானவை அந்தப் பாகங்களாக ஆகியிருந்தன.